பட்டம் பெற்ற ஆசிரியர் எங்கே போகிறார்?

தமிழ்ப் பத்திரிகைகளின் உட்பக்கங்களில் ஒருவகைச் செய்தி ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கடவுச்சீட்டு அளவில் ஒரு படம், அதன் கீழே நான்கு வரிகள். இன்ன பாடசாலையில் கற்பிக்கும் இன்னார் கல்வியியல் முதுமாணிப் பட்டம் பெற்றுள்ளார். இவர் இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் புதல்வி. செய்தி மேசையில் இருப்பவர்களில் பலர் இதனை இடம் நிரப்பும் செய்தி என்றே கொள்வர். ஆனால் அந்த நான்கு வரிகளுக்குப் பின்னால் சில ஆண்டுகளின் இரவுகள் இருக்கின்றன. அதுமட்டுமன்று, அந்தச் செய்தி ஒருபோதும் சொல்லாத விடயம் ஒன்றும் இருக்கிறது. பட்டம் பெற்ற பின்னர் அந்த ஆசிரியர் எங்கே போகிறார்? அவர் கற்பித்த வகுப்பில் இப்போது நிற்பவர் யார்?

இந்தக் கேள்வியை மன்னாரை முன்வைத்தே கேட்க விரும்புகிறேன். தொலைக்கல்வியின் பயனையும் அதன் முரண்பாட்டையும் ஒருசேரக் காண்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இலங்கைத் தமிழ்ப் பரப்பில் அதிகம் இல்லை.

மன்னார் ஒரு தீவு. பெருநிலத்தோடு அதனை இணைப்பது கடலூடான ஒரு பாதையும் பாலமும் மாத்திரமே. 1914இல் தலைமன்னார் வரை புகையிரதப் பாதை போடப்பட்டு, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய நாட்களில் அது இந்தியாவுக்கான வாசலாக இருந்தது. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1990இல் போர் பாலத்தைத் தகர்த்தது, புகையிரதமும் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டியும் முசலிப் பகுதிக் கிராமங்களும் வெறுமையாயின. புதிய பாலம் 2010இல்தான் திறக்கப்பட்டது. புகையிரதம் தலைமன்னாரை மீண்டும் அடைய 2015 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் மன்னாரிலிருந்து வெளியே செல்வது என்பது சோதனைச் சாவடிகளையும் அனுமதிப் பத்திரங்களையும் கடந்து செல்வதாகவே இருந்தது.

அத்தகைய ஓரிடத்தில் கற்பிக்கும் ஆசிரியர் மேலே படிக்க விரும்பினால் என்ன செய்வார்? வடமாகாணத்தின் பல்கலைக்கழகங்கள் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் இருக்கின்றன. வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்குப் பூநகரி வழியான பாதை சுருங்கியது 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே. கொழும்போ 300 கிலோமீற்றருக்கு அப்பால். வேலையைத் துறந்து, பிள்ளைகளை விட்டுவிட்டு, இரண்டு ஆண்டுகள் வெளியூரில் அறை எடுத்துத் தங்கிப் படிப்பது எத்தனை பேரால் முடியும்? இலங்கையின் ஆசிரியர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள் என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும். தொலைக்கல்வி இவர்களுக்கு ஒரு வசதி என்று சொல்வது போதாது. பலருக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு அதுதான்.

இக்கதவு நமக்குப் புதியதும் அன்று. இலண்டன் பல்கலைக்கழகம் தனது வெளிவாரிப் பட்டங்களை 1858இல் தொடங்கியது. 1921இல் கொழும்பில் அமைந்த பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை, மாணவர்களை அந்த இலண்டன் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. நமது பாட்டன்மார் காலத்துப் பட்டதாரிகளில் எத்தனையோ பேர் தாம் கண்டிராத ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டத்தைத் தம் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொண்டவர்கள். நாவலையைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நிறுவப்பட்டது. ஆசிரியர்களுக்கான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை அது மும்மொழிகளிலும் நடத்தி வந்திருக்கிறது. கல்வியியல் முதுமாணி அதன் அடுத்த படி. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அதற்கு நிலையங்கள் உள்ளன. மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகமும் 1980கள் முதல் தொலைக்கல்வி மூலம் ஆசிரியர்களைப் பயிற்றிய அனுபவம் உடையது.

இந்தப் படிப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை ஓர் எளிய கணக்கினால் காட்டலாம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி, பாடநெறிகளை மாத்திரம் கொண்ட ஒரு முதுமாணிக்குக் குறைந்தது 30 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றலாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே 1,500 மணிநேரம். பாடசாலை முடிந்து, வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் உறங்கிய பின் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாளும் தவறாமல் படித்தாலும் 750 நாட்கள் வேண்டும். நல்லநாள் இல்லை, காய்ச்சல் இல்லை, திருவிழா இல்லை. ஆய்வுடன் கூடிய முதுமாணியாயின் கிரெடிட்டுகளின் தொகை இரட்டிப்பாகும். இதற்கான கட்டணத்தையும் ஆசிரியரே செலுத்துகிறார். 1945 முதல் இலவசக் கல்வி வழங்கும் நாடு என்று நாம் பெருமைப்படுகிறோம். அந்த இலவசக் கல்வியை வழங்கும் ஆசிரியர் தம்மை மேம்படுத்திக்கொள்ளத் தமது சம்பளத்திலிருந்து காசு கட்டுகிறார். அந்தச் சம்பளம் போதாது என்பதற்காகவே 2021 யூலையில் தொடங்கி ஒக்டோபர் வரை நாடெங்கும் ஆசிரியர்களும் அதிபர்களும் பணிப்புறக்கணிப்புச் செய்தனர்.

இவ்வளவு பாடுபட்டும் தொலைக்கல்விக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு. வளாகத்தில் இருந்து படிப்பவர் வகுப்பறையைப் பற்றிப் படிக்கிறார். தொலைக்கல்வியில் படிக்கும் ஆசிரியரோ வகுப்பறைக்குள் இருந்துகொண்டே படிக்கிறார். இரவில் வாசித்த கொள்கையைக் காலையில் பேசாலையிலோ முருங்கனிலோ நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் வைத்துப் பார்க்க முடிகிறது. மைக்கேல் மூர் என்ற தொலைக்கல்வி அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். கல்வியில் தொலைவு என்பது மைல் கணக்கன்று. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே உரையாடல் குறையும்போது ஏற்படும் புரிதலின் இடைவெளியே உண்மையான தொலைவு என்பது அதன் சாரம். தொலைக்கல்வி மாணவியாக இதனைப் படிக்கும் ஓர் ஆசிரியை, மறுநாள் தமது வகுப்பின் கடைசி வாங்கில் வாய் திறவாமல் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது, அந்தப் பிள்ளைக்கும் தமக்கும் இடையிலான தொலைவு நாவலைக்கும் மன்னாருக்கும் இடையிலானதைவிடக் குறைந்ததா என்று எண்ணாமல் இருக்க மாட்டார். அந்த எண்ணம் தோன்றினால் படிப்பு பயன் தந்துவிட்டது.

இனி முரண்பாட்டுக்கு வருவோம். ஊரை விட்டுப் போகாமலே படிக்கலாம் என்பதுதான் தொலைக்கல்வியின் வாக்குறுதி. ஆனால் படித்து முடித்துப் பட்டம் கைக்கு வந்ததும் என்ன நிகழ்கிறது? நமது கல்வி அமைப்பில் மதிப்பும் அதிகாரமும் வகுப்பறைக்கு வெளியே இருக்கின்றன. முதுமாணி பெற்றவர் ஆசிரிய ஆலோசகராகிறார். அதிபர் சேவைக்குப் போகிறார். கல்வி நிர்வாக சேவைப் பரீட்சைக்குத் தோற்றுகிறார். ஆசிரியர் கல்வியியலாளர் சேவைக்கு விண்ணப்பிக்கிறார். சிலர் இடமாற்றம் பெற்று நகரத்துப் பெரிய பாடசாலைக்குச் செல்கின்றனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டுகள் வரை வெளிநாடு செல்லலாம் என்று அரசே சுற்றறிக்கை விட்டபோது கடல் கடந்தவர்களும் உண்டு. சுருங்கச் சொன்னால், ஆசிரியரை வகுப்பறையில் வைத்துக்கொண்டே கற்பிக்கும் ஒரு படிப்பு, முடிவில் அவரை வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துச் சென்றுவிடுகிறது.

பின்லாந்தைப் பாருங்கள். 1970களின் இறுதியிலிருந்து அங்கே ஆரம்ப வகுப்பில் கற்பிக்க வேண்டுமென்றாலும் முதுமாணிப் பட்டம் வேண்டும். அங்கே அப்பட்டம் வகுப்பறைக்குள் நுழைவதற்கான சீட்டு. நமக்கு அது வெளியேறுவதற்கான சீட்டாகிவிட்டது. பட்டத்தின் பெயர் ஒன்றுதான். அது திறக்கும் கதவின் திசை வேறு.

இதைச் சொல்லும்போது ஆசிரியர்களைக் குறை சொல்வதாக எவரும் எண்ணலாகாது. தமது சொந்தப் பணத்திலும் தூக்கத்திலும் பட்டம் பெற்ற ஒருவரை, நீ இந்தத் தீவிலேயே, இந்தச் சம்பளத்திலேயே இருக்கக் கடவாய் என்று கட்டிவைக்க எவருக்கும் உரிமை இல்லை. கஷ்டப் பிரதேச நியமனத்தில் வெளிமாவட்டத்திலிருந்து வந்து ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருந்தவர் ஊர் திரும்ப விரும்புவதும் நியாயமே. நல்ல அதிபர்களும் நல்ல கல்விப் பணிப்பாளர்களும் வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அவர்களும் கற்றவர்களாகவே இருக்க வேண்டும். வகுப்பறையில் தங்கி நிற்க விரும்பும் ஒருவர் அதற்காகத் தோற்றவராகக் கருதப்படுவதே என் கவலை. 'மாஸ்டர்ஸ் முடித்தும் இன்னும் படிப்பித்துக்கொண்டா இருக்கிறீர்கள்?' என்று கேட்கும் சமூகம் நம்முடையது.

இதற்கு மாற்று இல்லை என்று சொல்ல முடியாது. சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்கு மூன்று பதவி வழிகள் உள்ளன. நிர்வாகத்தில் உயர்வது ஒன்று. பாடத்திட்டம், ஆய்வு முதலிய துறைகளில் வல்லுநராவது இன்னொன்று. கற்பித்தலிலேயே உயர்வது மற்றொன்று. கற்பித்தல் வழியில் முதன்மை ஆசிரியர் நிலை வரை செல்லலாம். அங்கே தமிழாசிரியர்களுள்ளும் அப்படி உயர்ந்தவர்கள் இருக்கின்றனர். அவர்கள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களில் ஏனைய ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகின்றனர். கற்பித்தலை விட்டு விலகாமலே மதிப்பும் ஊதியமும் உயர இடமுண்டு என்பதற்குத் தமிழ்மொழிக் கல்வியிலேயே இருக்கும் சான்று இது.

பட்டத்தின் பெறுபேறு எங்கே போய்ச் சேர்கிறது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது ஆய்வு. முதுமாணிக்காக ஆசிரியர் ஒருவர் எழுதும் ஆய்வேடு என்னவாகிறது? தட்டச்சுச் செய்து, தடித்த அட்டை கட்டி, பொன்னெழுத்துப் பொறித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படுகிறது. அதன்பின் அதனை வாசிப்பவர் யார்? எந்தப் பாடசாலையின் பிள்ளைகளைப் பற்றி அது எழுதப்பட்டதோ, அந்தப் பாடசாலையின் அலுமாரியில்கூடப் பெரும்பாலும் அதன் பிரதி இருப்பதில்லை. மாவட்டத்தில் உள்ள மன்னார், மடு ஆகிய இரண்டு கல்வி வலயங்களின் ஆசிரியர்கள் எழுதிய ஆய்வுகளையெல்லாம் ஓரிடத்தில் அடுக்கி வைத்தால், அந்த மாவட்டத்தின் கல்வி பற்றி வேறெந்த அறிக்கையும் தராத தகவல்கள் அவற்றில் கிடைக்கக்கூடும்.

எழுதப்பட வேண்டியவை அத்தனை இருக்கின்றன. மீன்பிடிப் பருவம் மாறும்போது கரையோரக் குடும்பங்கள் வாடி மாறுகின்றன. அவ்வேளைகளில் பிள்ளைகளின் வரவு எவ்வளவு குறைகிறது, விட்ட பாடத்தை எப்படி ஈடுசெய்யலாம்? மடு வலயத்தின் உட்கிராமங்களில் ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று தரங்களை ஒருங்கே வைத்துக் கற்பிக்க நேரும்போது எந்த முறை பலன் தருகிறது? புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, 2009க்குப் பின் பெற்றோரோடு முசலிக்குத் திரும்பிய பிள்ளைகளும், போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அருகருகே வாழும் ஒரு மாவட்டத்தில் வரலாற்றுப் பாடத்தை எவ்வாறு கற்பிப்பது? மன்னாரின் கத்தோலிக்கக் கிராமங்களில் இன்றும் நினைவில் வாழும் நாட்டுக்கூத்தையும் வாசாப்பையும், வாய்விட்டு வாசிக்கக் கூசும் பிள்ளைக்கு மொழி கற்பிக்கப் பயன்படுத்த முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு மகரகமவிலோ நாவலையிலோ இருந்து எவரும் விடை எழுதி அனுப்ப முடியாது. வங்காலையிலும் சிலாவத்துறையிலும் விடத்தல்தீவிலும் வெண்கட்டியோடு நிற்பவர்தான் எழுத முடியும்.

ஆனால் இன்று நடப்பது என்ன? 'ஊக்கலுக்கும் அடைவு மட்டத்துக்கும் இடையிலான தொடர்பு' என்ற பாங்கில், எந்த ஊருக்கும் பொருந்தும், ஆகவே எந்த ஊருக்கும் பயன்படாத தலைப்புகள் பல தெரிவுசெய்யப்படுகின்றன. முன்னர் ஒருவர் பயன்படுத்திய வினாக்கொத்தை ஊர்ப்பெயர் மாற்றி மீண்டும் பயன்படுத்துவோர் உண்டு. ஒப்படைகளையும் ஆய்வேடுகளையும் காசுக்கு எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது கல்வி உலகில் எல்லோரும் அறிந்த இரகசியம். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பின்னர் அந்தக் காசுகூடத் தேவையில்லை. கொள்கைகளின் தொகுப்பையும் முன்னைய ஆய்வுகளின் மீளாய்வையும் இயந்திரம் சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடும். அதனால் எழுத முடியாத ஒன்று, உங்கள் வகுப்பில் நேற்று நடந்தது. தமது வகுப்பறையிலிருந்து, தமது பிள்ளைகளின் கொப்பிகளிலிருந்து திரட்டிய தரவுகளோடு எழுதப்படும் ஆய்வுக்கே இனி மதிப்பு இருக்கும். கல்வியியலில் செயல்நிலை ஆய்வு என்று இதற்குப் பெயரும் முறையும் உண்டு. தொலைக்கல்வி மாணவர்களான ஆசிரியர்களுக்கு இது இயல்பாகவே வாய்த்திருக்கிறது. ஆய்வுக்களத்தைத் தேடி அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை.

ஆகவே சில காரியங்களைச் செய்யலாம் என்று முன்வைக்கிறேன். இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை.

முதலாவது, முதுமாணி ஆய்வை முடிக்கும் ஒவ்வோர் ஆசிரியரிடமிருந்தும் நான்கு பக்கங்களுக்கு மேற்படாத தமிழ்ச் சுருக்கம் ஒன்றை வலயக் கல்வி அலுவலகம் கேட்டுப் பெறட்டும். கலைச்சொற்களின் பாரமின்றி, என்ன பிரச்சினை, என்ன செய்து பார்த்தேன், என்ன நடந்தது என்று ஒரு சக ஆசிரியருக்குச் சொல்வதுபோல் அது இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருநாள் அவர்கள் அதனை ஏனைய ஆசிரியர்களின் முன் எடுத்துரைக்கட்டும்.

இரண்டாவது, படிக்கும் காலத்தில் அந்த ஆசிரியருக்கு வாரத்தில் சில பாடவேளைகளின் சலுகையாவது கிடைக்கட்டும். பட்டம் பெற்ற பின் அவர் வகுப்பறையிலேயே தங்க விரும்பினால், அயற்பாடசாலைகளின் இளம் ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பும் அதற்குரிய படியும் பெயரும் அவருக்கு வழங்கப்படட்டும். சிங்கப்பூர் செய்வதன் மிகச் சிறிய வடிவம் இது.

மூன்றாவது, வாசிப்பதற்குத் தமிழில் நூல்கள் வேண்டும். பேராசிரியர்கள் சோ. சந்திரசேகரன், சபா. ஜெயராசா போன்றோர் கல்வியியலைத் தமிழில் எழுத உழைத்தவர்கள். ஆசிரியர்களுக்கென்றே கொழும்பிலிருந்து வெளிவந்த 'அகவிழி' இதழும் அப்பணியைச் செய்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்தின் வழியே இத்தகைய வெளியீடுகளை இன்று எந்தத் தீவிலிருந்தும் வாசிக்க முடிகிறது. ஆசிரியர்களின் ஆய்வுச் சுருக்கங்களும் அங்கே சேர வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம், ஒரே பிரதியாக ஓர் அலுமாரியில் கிடக்கும் எழுத்தை நம்பியிருக்கலாகாது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கும் ஒரு சொல். உங்களில் பலர் மன்னாரிலோ அதுபோன்ற ஊர்களிலோ படித்தவர்கள். சிலர் அங்கே கற்பித்தவர்கள். பழைய மாணவர் சங்கங்கள் வாயிலாகப் பாடசாலைகளுக்கு வளைவும் மண்டபமும் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த முறை, அதில் ஒரு சிறு பங்கை, தான் கற்பிக்கும் பாடசாலையைப் பற்றியே ஆய்வு செய்ய முன்வரும் ஓர் ஆசிரியரின் கட்டணத்துக்காக ஒதுக்குங்கள். ஒரு நிபந்தனை போதும்: ஆய்வின் பிரதி அந்தப் பாடசாலைக்குத் தமிழில் கிடைக்க வேண்டும். ஊரிலேயே இரு என்று நிபந்தனை விதிக்க வேண்டாம். இருப்பதற்கு ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்தால் போதும்.

பாலங்கள் மீண்டன; புகையிரதம் மீண்டது. தொலைக்கல்வி இன்னும் எத்தனையோ மன்னார் ஆசிரியர்களுக்குப் பட்டம் தரத்தான் போகிறது. ஒரு மாவட்டத்தில் எத்தனை முதுமாணிகள் இருக்கிறார்கள் என்று எண்ணுவது எளிது. அவர்களில் எத்தனை பேர் நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரு வகுப்பறைக்குள் நுழைகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பயன்படும் கணக்கு அதுவே.